இழுவைக்குக் கார் வாங்குவோருக்கு விளம்பரம் சொல்லாத எண்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய கார்களை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளின் முடிவில் ஒரு சிறு கட்டம் வருகிறது. எஞ்சின் அளவு, மைலேஜ், டிக்கியின் கொள்ளளவு, அதற்குக் கீழே ‘இழுவைத்திறன் 3,000 கிலோ’ என்று ஒரு வரி. படகு, கேரவன் என்னும் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, குதிரை ஏற்றும் வண்டி, சரக்கு டிரெய்லர் என்று எதையாவது இழுப்பதற்காகக் கார் தேடுகிறவர், அந்த ஒற்றை வரியை நம்பியே முன்பணம் கட்டிவிடுகிறார். அந்த எண் பொய்யில்லை. எந்த நிபந்தனையில் அது செல்லும் என்பதுதான் அந்தக் கட்டத்தில் இல்லை. குடும்பம் ஏறி, பெட்டிகள் ஏறி, டிரெய்லரும் மாட்டிய பிறகு அதே கார் சட்டப்படி இழுக்கக்கூடியது பல நூறு கிலோ குறைந்துவிடலாம். இதைக் கணக்கோடு எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

காரைப் பார்ப்பதற்கு முன்பு டிரெய்லரின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரெய்லர் விற்பவர் கொடுக்கும் அட்டையில் இருப்பது பெரும்பாலும் காலி வண்டியின் எடை. அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கேரவனில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. சமையல் வாயு உருளை, கூடுதல் பேட்டரி, வெயில் மறைப்புக் கூரை, சைக்கிள், பாத்திரம், படுக்கை என்று சேர்ந்தால் 300, 400 கிலோ ஏறிவிடுவது சாதாரணம். படகின் எடை என்று சொல்லப்படுவதில் பல சமயம் வெளி எஞ்சினும் எரிபொருளும், படகைத் தாங்கும் டிரெய்லருமே சேர்ந்திருக்காது. நன்கு வளர்ந்த சவாரிக் குதிரை ஒன்றே 500, 600 கிலோ இருக்கும். ஆகவே டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இனி காரின் பக்கம். நான்கு எண்கள் வேண்டும். காலியாக நிற்கும்போது காரின் எடை ஒன்று. ஆள், சாமான், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் எல்லாம் சேர்ந்து கார் எட்டக்கூடிய மொத்த எடை வரம்பு இரண்டாவது. காரும் டிரெய்லரும் சேர்ந்து எட்டக்கூடிய கூட்டு எடை வரம்பு மூன்றாவது. கொக்கி தாங்கக்கூடிய செங்குத்துப் பாரம் நான்காவது. ஐரோப்பிய முறையில் தயாரான கார்களில் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் தகட்டில் நான்கு வரிசை எண்கள் இருக்கும். முதல் எண் காரின் மொத்த வரம்பு, இரண்டாவது கூட்டு வரம்பு, மூன்றாவதும் நான்காவதும் முன், பின் அச்சுகளின் வரம்பு. இரண்டாவது எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ சுழியாகவோ இருந்தால், அந்தக் கார் இழுவைக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. விற்பனையாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தத் தகடுதான் கடைசி வார்த்தை.

ஒரு கணக்கைப் பாருங்கள். காலி எடை 2,150 கிலோ, மொத்த வரம்பு 2,850, கூட்டு வரம்பு 5,400, விளம்பரத்தில் இழுவைத்திறன் 3,000 என்று ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 3,000 கிலோ டிரெய்லரை மாட்டினால் கூட்டு வரம்பில் காருக்கு மிஞ்சுவது 2,400 கிலோ. காலி எடை போக, ஆளுக்கும் சாமானுக்கும் 250 கிலோ. தலைக்கு 75 கிலோ என்று நான்கு பேர் ஏறினாலே 300 ஆகிவிட்டது. டிக்கியில் ஒரு பை கூட வைக்கவில்லை, அதற்குள் வரம்பைத் தாண்டியாயிற்று! இதே காரில் 2,400 கிலோ டிரெய்லரை மாட்டினால் கூட்டு வரம்பு இடிக்காது. இப்போது இடிப்பது காரின் மொத்த வரம்பு. கொக்கியின் மேல் பத்தில் ஒரு பங்காக 240 கிலோ இறங்கும். 2,850-இலிருந்து அதைக் கழித்து, காலி எடையையும் கழித்தால் 460 கிலோ. நான்கு பேருக்கு 300, கொக்கியைத் தாங்கக் காரின் பின்னால் பொருத்தும் சட்டமான டோ பாருக்கு 35 போனால் சாமானுக்கு 125 கிலோ. இதுதான் வாழக்கூடிய கணக்கு. 3,000 என்று விளம்பரம் செய்யப்பட்ட கார், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2,400 கிலோ கார்தான்.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. காலி எடையை எல்லா நாட்டுத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஐரோப்பிய முறையில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீதம் நிரம்பிய எரிபொருள் தொட்டியும் அதில் சேர்ந்திருக்கும். வேறு முறைகளில் ஓட்டுநர் சேராமல் இருப்பார். இரண்டு கார்களை ஒப்பிடும்போது முதலில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சன்ரூஃப், மூன்றாம் வரிசை இருக்கை, பெரிய சக்கரம் என்று விலை உயர்ந்த ரகத்தில் சேரும் ஒவ்வொன்றும் காலி எடையைக் கூட்டும், வரம்பைக் கூட்டாது. ஒரே மாடலில் மிக உயர்ந்த ரகம் இழுவைக்கு மிக மோசமான தேர்வாக இருப்பது இதனால்தான்.

கொக்கிப் பாரத்தை யாரும் கவனிப்பதில்லை. சிக்கலின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பார வண்டி ஏற்றத் தெரிந்தவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். டிரெய்லருக்கும் அதேதான், கொக்கியின் மேல் இறங்கும் பாரம்தான் அதன் முன்பாரம். முன்பாரம் குறைந்தால் வண்டி வால் ஆட்டும், மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் பிடி இழக்கும். ஐரோப்பிய கேரவன்கள் ஏற்றிய எடையில் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் முன்பாரம் வருமாறு அமைக்கப்படுகின்றன. அமெரிக்க வழக்கம் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். ஒரு முறைப்படி செய்த காரில் இன்னொரு முறைப்படி செய்த டிரெய்லரை மாட்டும்போது வருவது பெரிய ஏமாற்றம். 2,000 கிலோ இழுக்கும் என்று எழுதப்பட்ட காரின் டோ பார் தகட்டில் செங்குத்துப் பாரம் 80 கிலோ என்று இருக்கலாம். பத்து சதவீதம் முன்பாரம் கேட்கும் டிரெய்லரானால் அந்தக் கார் இழுக்கக்கூடியது 800 கிலோதான். ஐந்து சதவீதம் கேட்கும் டிரெய்லரானால் 1,600. காரில் எதுவும் மாறவில்லை, டிரெய்லர்தான் மாறியது. காரின் எண்ணும் டோ பாரின் எண்ணும் வேறுபட்டால் சிறிய எண்தான் சட்டம்.

அந்தப் பாரம் காரின் மேல் எப்படி அமர்கிறது என்பதும் முக்கியம். கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. நெம்புகோல் கணக்கு வந்துவிடுகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர் என்றால், 240 கிலோ பாரம் பின் அச்சில் 343 கிலோவாக இறங்கும். மிச்ச 103 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படும். ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தில்தானே இருக்கின்றன? ஈரச் சாலையில் வளைவில் கார் சொன்ன பேச்சுக் கேட்காமல் நேரே போகப் பார்ப்பது இதனால்தான். அச்சுகளின் இடைவெளி நீளமாகவும், பின்பக்கத் துருத்தல் குறைவாகவும் உள்ள கார், அதே எடையுள்ள குட்டையான காரைவிட எப்போதும் நிதானமாக இழுக்கும். இந்த இரண்டு அளவுகளையும் ஷோரூமிலேயே டேப் வைத்து அளந்துவிடலாம்.

பின்பக்கம் அமுங்குகிறதே என்று சஸ்பென்ஷன் சுருளுக்குள் காற்றுப் பை வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். பார்வைக்குக் கார் மட்டமாகிவிடும். முன் அச்சிலிருந்து போன 103 கிலோ திரும்ப வராது, மொத்த வரம்பும் ஒரு கிலோ கூடாது. இரட்டைக் கேபின் பிக்கப்பில் இன்னும் ஆபத்து. அதில் சரக்குத் தொட்டி பின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் நீளும். தொட்டியில் பாரம், கொக்கியில் பாரம், நடுவே காற்றுப் பையின் ஒற்றைப் புள்ளி முட்டு என்று சேர்ந்து, குண்டும் குழியுமான சாலையில் குதித்தால் கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே சேஸிஸே வளைந்துவிடும். பாரத்தை முன்னோக்கிப் பகிரும் ஸ்பிரிங் கம்பி வைத்த கொக்கிகள் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தருகின்றன. ஆனால் சில தயாரிப்பாளர்கள் தங்கள் காரில் அதைப் பொருத்தவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே கையேட்டின் இழுவை அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலான கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எஞ்சினைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். இழுவைக்குக் கேட்க வேண்டியது, குறைந்த சுழற்சியில் எவ்வளவு முறுக்குவிசை என்பது. 1,750 சுழற்சியிலேயே 400 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ டீசல், அதே விசைக்கு 4,500 சுழற்சி கேட்கும் பெட்ரோலைவிட மேட்டில் அலட்டிக்கொள்ளாது. டர்போ இல்லாத எஞ்சின் கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். மலைப் பாதை உங்கள் வழக்கமானால் டர்போ இல்லாததை யோசிக்கவே வேண்டாம்.

மேடு எவ்வளவு கேட்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. காரும் டிரெய்லரும் சேர்ந்து 4,900 கிலோ, பத்து சதவீத ஏற்றம், மணிக்கு 60 கி.மீ. வேகம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 80 கிலோவாட் வேண்டும், அதாவது ஏறக்குறைய 108 குதிரைத்திறன். காற்றுத் தடையும் டயர் உராய்வும் இதற்கு மேல். இனி அதே மலையை மறுபக்கம் இறங்குங்கள். ஏறும்போது எஞ்சின் கொடுத்த 80 கிலோவாட்டில், காற்றும் டயரும் தின்றது போக மீதியை எஞ்சின் பிரேக்கும் சக்கர பிரேக்கும் விழுங்கியாக வேண்டும். பல டஜன் மின் அடுப்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்ட வெப்பம் அது. தட்டுகள் சிவந்து, பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி கால் விரலோடு தரைக்குப் போய்விடும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டு இறங்குவது என்ற பழைய பாடம் இன்றைக்கும் செல்லும். கியரைக் கையால் பிடித்து வைக்க வசதியில்லாத ஆட்டோமேட்டிக் காரை இழுவைக்கு வாங்க வேண்டாம்.

கியர்பாக்ஸ் வகையை ஒட்டியே இழுவை எண் மாறும். டார்க் கன்வர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்தான் இந்த வேலைக்குச் சிறந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எண்ணெயே விசையைக் கடத்துவதால் தேய எதுவும் இல்லை. ஆனால் அந்த எண்ணெய் சூடாகும். சாதாரண ஓட்டத்தில் 80, 95 டிகிரி செல்சியஸில் இருப்பது, 120-ஐத் தாண்டி நீடித்தால் வேகமாகக் கெடும். தனியாக எண்ணெய்க் குளிர்விப்பான் இருக்கிறதா, திரையில் கியர்பாக்ஸ் வெப்பம் தெரிகிறதா என்று கேளுங்கள். உலர் கிளட்ச் வைத்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து கிளம்பும்போது சூடாகி எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் விசை கடத்தும் சி.வி.டி. கார்களில் பலவற்றின் இழுவை எண் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. மேனுவலில் கிளட்ச் தட்டு கருகும் வாசனை வந்தால், ஒரே பின்னோக்கு ஏற்றத்திலேயே அதன் ஆயுள் குறைகிறது என்று அர்த்தம்.

ஒரு காரின் இழுவை எண்ணுக்கு அனுமதி பெற, ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, முழுப் பாரத்தோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 சோதனையிலும் 12 சதவீத ஏற்றத்தில் கிளம்புவது உண்டு. அதோடு அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டே ஏறவும் வேண்டும். அந்தச் சோதனையில் தேறியது என்றால் அந்த எடைக்கு வெப்பத்தைத் தாங்கும் என்று பொருள். படகு இறக்கும் சாய்தளம் அதைவிடச் செங்குத்தாக இருந்தால், ஈரப் பாசியும் சேர்ந்தால், அது வேறு கதை. அங்கே முன்சக்கர இயக்கக் கார் திணறும். பாரம் முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்க, இழுக்க வேண்டிய சக்கரம் எடை குறைந்து சுற்றிக்கொண்டே நிற்கும். படகுக்காரர்களும் ஈரப் புல்வெளியில் கேரவன் நிறுத்துவோரும் பின்சக்கர அல்லது நான்கு சக்கர இயக்கத்தைத்தான் தேட வேண்டும்.

மின்சாரக் கார்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கிளம்பும் வேகத்துக்கும் மேடு ஏறும் திறனுக்கும் அவற்றை மிஞ்ச ஆளில்லை. டெஸ்லா மாடல் ஒய் ஐரோப்பாவில் 1,600 கிலோவுக்கும், பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ் 2,500 கிலோவுக்கும் அனுமதி பெற்றவை. ஆனால் உயரமான கேரவனை மாட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜ் போடும் இடங்களில் பல, காரை மூக்கை நீட்டி நிறுத்தும் வகையில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் டிரெய்லரைக் கழற்ற வேண்டியிருக்கும். தினமும் அருகில் சரக்கு இழுப்பவருக்கு இது நல்ல கார். நெடுந்தூரக் கேரவன்காரருக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஹைபிரிட் வாங்குவோர், அதே உடலோடு வரும் டீசலின் இழுவை எண்ணை இதற்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஹைபிரிட்டின் எண் பாதியாகவோ சுழியாகவோ இருக்கலாம்.

எந்தக் காரானாலும் வேகம்தான் எரிபொருளைத் தின்னும். 80-இலிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போனால் காற்றுத் தடை 56 சதவீதம் கூடும், அதை எதிர்க்கத் தேவையான திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டிரெய்லரோடு சிறிய எரிபொருள் தொட்டி பெரிய தொல்லை. அதையும் கேளுங்கள்.

டோ பாரை எங்கே பொருத்துவது என்பதில் பணம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள். தொழிற்சாலையிலேயே இழுவைத் தொகுப்போடு வரும் காரில், கொக்கியோடு பெரிய ரேடியேட்டர் விசிறி, எண்ணெய்க் குளிர்விப்பான், தனி வயரிங், டிரெய்லர் இருப்பதை அறிந்து ஆட்டத்தை அடக்கும் மென்பொருள் ஆகியவையும் சேர்ந்து வரலாம். பின்னால் வெளியில் கொக்கி போட்டால், கொக்கி மட்டும்தான் வரும். குளிர்விப்பு வராது. வயரை விளக்குக் கம்பியில் வெட்டி ஒட்டினால், காரின் கணினிக்குப் பின்னால் டிரெய்லர் இருப்பதே தெரியாது. பின்பக்க சென்சார் கத்திக்கொண்டே இருக்கும், எல்.ஈ.டி. விளக்கை ‘பல்பு போயிற்று’ என்று காட்டும், ஆட்டத்தை அடக்கும் வசதி தூங்கும். டிரெய்லருக்கு மின்சாரம் தரும் பிளக்கும் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய முறையின் 7 முனையில் விளக்குகள் மட்டுமே எரியும். 13 முனையில் ரிவர்ஸ் விளக்குக்கும், கேரவனின் பேட்டரிக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் போகும். இன்றைய ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தை இறக்கிவிடுவதால், கேரவன் பேட்டரிக்குத் தனி டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் அது நிறையாது.

கொக்கியின் உருண்டைத் தலையான குண்டின் விட்டம் ஐரோப்பிய முறையில் 50 மி.மீ., அமெரிக்க முறையில் பரவலாக 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிரெய்லரின் முனையில் குண்டைக் கவ்வும் தொப்பி 2 அங்குலமாக இருந்து, அதை 50 மி.மீ. குண்டில் மாட்டினால் ஆடும், பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடலாம். 50 மி.மீ. தொப்பியோ பெரிய குண்டில் முழுதாக இறங்கிப் பூட்டாது. தேய்ந்து 49 மி.மீ. ஆன குண்டை மாற்றிவிட வேண்டும். பூட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. தொப்பியைப் பூட்டியபின் டிரெய்லரின் முன்சக்கர ஜாக்கியைச் சுற்றிக் காரின் பின்பக்கத்தைச் சில சென்டிமீட்டர் தூக்குங்கள். கழலாமல் காரும் கூடவே எழுந்தால் பூட்டு சரி. டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் போடும் கம்பியைக் குண்டின் கழுத்தில் சுற்றாமல் மாட்ட, டோ பாரில் தனி வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிரெய்லரின் பிரேக் காரைத் தேர்ந்தெடுப்பதிலும் வருகிறது. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் உச்சம் 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி, எது குறைவோ அது. காரின் கையேட்டில் பிரேக் உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனி எண் இருக்கும், விளம்பரம் பெரியதைத்தான் சொல்லும். மின்பிரேக் உள்ள டிரெய்லரானால் காருக்குள் கட்டுப்பாட்டுக் கருவி வைக்க வயர் இழுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஐந்து நிமிட வேலை. சுமைக் குறியீடு 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 100 என்றால் 800, 104 என்றால் 900. இரண்டால் பெருக்கிப் பின் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். அழகுக்காக மாற்றிய சக்கரங்களில் இது பல சமயம் குறைந்துவிடுகிறது. கதவுத் தூணில் முழுப் பாரத்துக்கு என்று தனிக் காற்றழுத்தம் எழுதியிருக்கும். இழுக்கும்போது பின்சக்கரங்களுக்கு அதுதான்.

ஆட்டம் பிடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதில்தான் உயிர் போகிறது. காரைவிட டிரெய்லர் கனமாவது, முன்பாரம் குறைவது, வேகம் கூடுவது, இந்த மூன்றும் சேரும்போது பெரிய லாரி ஒன்று கடந்துபோனால் அதன் காற்றே போதும். டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி ஒவ்வொரு ஆட்டத்திலும் அகலம் கூடும். ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கப் பார்ப்பது நெருப்பில் நெய் ஊற்றுவது போல. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. மின்பிரேக் இருந்தால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் லேசாகத் தரலாம். புதிதாக இழுப்பவர்கள், டிரெய்லரின் உச்ச எடை காரின் காலி எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்று பிரிட்டனின் கேரவன்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு. சட்டமில்லை என்றாலும் பொன்னான வழக்கு. இலகுவான காரில் பெரிய இழுவை எண்ணைக் கண்டு மயங்குவோர் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

காரை எடுத்தபின், பயணத்துக்குக் கட்டிய நிலையிலேயே எடை மேடைக்குப் போங்கள். ஆட்களும் சாமானும் ஏறியிருக்க, டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் ஏற்றுங்கள், 2,560 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிரெய்லரை மாட்டி, காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள், 2,790. இரண்டுக்கும் உள்ள 230 கிலோதான் கொக்கிப் பாரம். அடுத்து டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில், 2,130. அப்படியானால் டிரெய்லரின் உண்மையான எடை 2,360, கூட்டு எடை 4,920. முடிந்தால் காரின் பின் அச்சை மட்டும் தனியாக நிறுத்தி அதன் வரம்போடு ஒப்பிடுங்கள். மொத்த எடை சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருப்பதுதான் அதிகம் காணும் குறை. டிக்கிச் சாமானில் கனமானதை டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதுக் கார் கைக்கு வந்த மறுநாளே டிரெய்லரை மாட்டுவதும் தவறு. பல கையேடுகள் முதல் 800-இலிருந்து 1,600 கி.மீ. வரை இழுக்கவே கூடாது என்கின்றன. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் பற்கள் ஒன்றோடொன்று படிவதற்கு முன்பு பாரம் ஏற்றினால், உலோகத் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். அதன் பிறகும் இழுக்கும் காருக்கு ‘கடின உபயோகம்’ என்று தனிச் சேவை அட்டவணை இருக்கும். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பிரேக் எண்ணெய்களை அதன்படி சீக்கிரமே மாற்ற வேண்டும்.

தங்களிடம் ஒரு விண்ணப்பம். புதிய கார் அறிமுகக் கட்டத்தில் இழுவைத்திறன் என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, காலி எடை, மொத்த வரம்பு, கூட்டு வரம்பு, கொக்கிப் பாரம், பின் அச்சு வரம்பு என ஐந்து எண்களை அச்சிட வேண்டுகிறேன். எந்த எஞ்சினுக்கு, எந்த கியர்பாக்ஸுக்கு அந்த எண்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே பெயரில் வரும் காரில் டீசல் ஆட்டோமேட்டிக்குக்கும் பெட்ரோல் சி.வி.டி.க்கும் இடையே ஆயிரம் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. வாசகர் வாங்கப்போவது அந்த இரண்டில் எது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
இழுவை வண்டிகள் பழுதுபார்க்கும் பணியில் உள்ள ஒரு வாசகர்